மூன்று எண்ணும்வரை

பயிற்சியின் மூன்றாம் நாள் காலை. வகுப்பறைக்குள் வந்த கொரிய ஆசிரியை குனிந்து வணங்கினார். பிறகு ஒரு சொல் ஆங்கிலமும் கலக்காமல் பாடத்தைத் தொடங்கிவிட்டார். ஓர் ஆப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டி "சாக்வா" என்றார். நீங்களும் சொல்லுங்கள் என்று கையால் சைகை. சொன்னோம். படம் மாறியது. சொன்னோம். நாலைந்து படங்களுக்குப் பிறகு நீளமாக ஏதோ கேட்டார். கேள்விதான் என்பது குரல் மேலே ஏறி நின்றதில் தெரிந்தது. என்ன கேள்வி என்பது விளங்கவில்லை. உள்ளங்கையை விரித்து என்னைக் காட்டினார்.

எனக்கு வாய் திறக்கவில்லை. காது சூடாகியது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்க்காமல் கொப்பியில் ஏதோ எழுதத் தொடங்கினார். தன் பக்கம் அந்தக் கை திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினார் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த நாற்பது பேரும் பட்டதாரிகள். ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள். இருபது நிமிடத்தில் எல்லோருடைய கண்ணும் மேசையில் இறங்கியிருந்தது.

அதன் பிறகுதான் அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "இப்போது உங்களுக்குள் நடந்ததை மறந்துவிடாதீர்கள். இன்னும் சில நாட்களில் இதே கதிரைகளில் உங்கள் மாணவர்கள் இருப்பார்கள்" என்றார்.

நான் அந்தக் கதிரையில் முன்னமே ஒருமுறை இருந்தவள். பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தபோது, எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது பாடப்புத்தக வாசகம் ஏழெட்டு. வகுப்பில் ஆசிரியை என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். நான் தமிழில் யோசித்து, அதை ஆங்கிலமாக்கி, வாய்வரை கொண்டுவருவதற்குள் அவரே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். கொடுமைக்காரர் இல்லை, எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த வருடம் முழுக்க என் பதில்கள் தொண்டையிலேயே தங்கிப்போயின. என்னை ஒன்றும் தெரியாத பிள்ளை என்று வகுப்பு முடிவு கட்டியது. நானும் அதை நம்பினேன்.

இருபத்தாறு வயதில், 2019 பெப்ரவரிக் குளிரில், கொரியாவின் நடுப்பகுதியில் ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில், அந்தப் பிள்ளை எனக்குள் திரும்ப எழும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

யார் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள்

கொரிய அரசுப் பாடசாலைகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைக் கொண்டுவரும் திட்டத்தின் பெயர் எபிக். 1995இல் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், அதாவது 1997இல், மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் முறையான பாடமானது. வெளிநாட்டு ஆசிரியர்கள் கிராமத்துப் பாடசாலைகளுக்கும் பெருமளவில் வரத் தொடங்கியது இப்படித்தான்.

இதற்கான விசாவுக்கு ஈ-2 என்று பெயர். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். பட்டம் வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று வேண்டும். என்னைப் போல வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால், ஏழாம் வகுப்பிலிருந்தாவது ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும். நான் கனடாவில் சேர்ந்தது ஆறாம் வகுப்பில். ஒரு வருட இடைவெளியில் தகுதி பெற்றேன். 2010இல் நடைமுறைக்கு வந்த கொரிய-இந்திய பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்கும் ஆங்கில உதவி ஆசிரியராக வர ஒரு வாசலைத் திறந்தது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலருக்கு இது தெரியாது என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கொரியாவில் கல்வியாண்டு மார்ச் மாதம் தொடங்கும். இரண்டாம் பருவம் ஆகஸ்ட் கடைசியில். அதனால் புதியவர்களுக்கான பயிற்சியும் ஆண்டுக்கு இரண்டு முறை, பருவத்துக்குச் சற்று முன்னால் நடக்கும். ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நாட்கள். பல்கலைக்கழக மாணவர்கள் விடுமுறைக்குப் போயிருக்கும் விடுதிகளில் தங்கவைப்பார்கள். எந்த மாகாணத்துக்குப் போகிறோம் என்பது தெரிந்திருக்கும். எந்தப் பாடசாலை என்பது எங்களில் பலருக்கு அப்போது தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் அத்தனை நாளும் படித்தோம்.

சப்பாத்தைக் கழற்றிய பிறகு

இஞ்சொன் விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது இரவு. விடுதி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். வெளியே நிலம் உறைந்து கிடந்தது. உள்ளே கால் வைத்த தரையோ இளஞ்சூடாக இருந்தது. தரைக்கு அடியில் சூட்டை ஓடவிடும் ஒந்தோல் முறை அது. முன்பு அடுப்புப் புகையை நிலத்துக்கடியில் செலுத்திச் சூடாக்கினார்கள். இப்போது வெந்நீர்க் குழாய்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த என் அறைத்தோழி பெட்டியைத் திறக்கவும் இல்லை, அப்படியே தரையில் படுத்துவிட்டாள். கோயிலிலும் வீட்டிலும் செருப்பைக் கழற்றிப் பழகிய எனக்கு, வந்த நாட்டின் முதல் கட்டளை தெரிந்த கட்டளையாக இருந்தது. பாடசாலைகளிலும் இதே வழக்கம்தான். ஒவ்வோர் ஆசிரியரும் உள்ளே போடுவதற்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பார்.

அடுத்த நாள் காலையில் உடற்பரிசோதனை. இரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே என்று வரிசையாக நின்றோம். அதில் தேறினால்தான் வேலை உறுதி. பிறகு உணவுக்கூடம். ஐந்து குழிகள் வைத்த எவர்சில்வர்த் தட்டு: கீழே இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப், மேலே மூன்று கறிகள். அதில் ஒன்று எப்போதும் கிம்ச்சி. குச்சிகளும் உலோகம்தான், வழுக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் மச்சம் சாப்பிடாத வீட்டில் வளர்ந்தவள் நான். கிம்ச்சி கோவாதானே என்று கை வைத்தேன். அதில் பெரும்பாலும் உப்பில் ஊறிய இறாலோ மீன்சாறோ சேர்ந்திருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்போதுதான் எனக்கு முதல் கொரிய வாக்கியம் தேவைப்பட்டது. எழுதி வாங்கிக்கொண்டு பரிமாறும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "கோகி ஆன் மொகொயோ." இறைச்சி சாப்பிடமாட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போனார். பொரித்த முட்டை ஒன்றும், நெருப்பில் வாட்டிய கடற்பாசித் தாள் ஒரு கட்டும் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அந்த இரண்டு கை பற்றிப் பிற்பகலில் தனியாக ஒரு வகுப்பே இருந்தது. பெரியவர்களுக்குக் கொடுப்பதும் அவர்களிடம் வாங்குவதும் இரண்டு கையால். ஒருவரை அழைக்க வேண்டுமென்றால் உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை அசைக்க வேண்டும். உள்ளங்கையை மேலே திருப்பி விரலால் அழைப்பது நாயைக் கூப்பிடும் முறை. கனடியர்களும் அமெரிக்கர்களும் இதை எழுதிவைத்துக்கொண்டார்கள். எனக்கோ, என் அம்மம்மா முற்றத்தில் நின்று என்னை அழைக்கும் கை கண்ணுக்குள் வந்தது. பதினைந்து வருட கனடா வாழ்க்கையில் நான் மெல்ல மெல்ல மாற்றிக்கொண்ட கையசைவு அது.

எல்லாமே எனக்குத் தெரிந்ததாக இருக்கவில்லை. மாணவருக்கான பெயர் அட்டை செய்யும் பயிற்சியில், கண்ணைக் கவரட்டும் என்று சிவப்பு எழுதுகோலை எடுத்து ஒரு கொரியப் பெயரை எழுதத் தொடங்கினேன். பயிற்சி ஆசிரியை விரைந்து வந்து, சத்தமில்லாமல் என் கையில் நீல எழுதுகோலை வைத்தார். உயிரோடு இருப்பவரின் பெயரைச் சிவப்பில் எழுதினால் கேடு வரும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. "பிள்ளைகள் கோபப்பட மாட்டார்கள். பயப்படுவார்கள்" என்றார். எழுதிய அட்டையை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

பக்கவாத்தியம்

பயிற்சியில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் இணைந்து கற்பித்தல். வெளிநாட்டு ஆசிரியரை அங்கே வொனோமின் சொன்செங்னிம் என்பார்கள், தாய்மொழியாளர் ஆசிரியர் என்று பொருள். ஆனால் பாடத்துக்குப் பொறுப்பு அவரிடம் இல்லை. வகுப்பில் எப்போதும் ஒரு கொரிய ஆசிரியர் இருப்பார். மதிப்பெண், ஒழுங்கு, பெற்றோருடன் பேசுவது எல்லாம் அவர் கையில். வாரத்துக்கு 22 பாடவேளைகள். ஆரம்பப் பாடசாலையில் ஒரு பாடவேளை 40 நிமிடம். மீதி நேரத்தில் ஆசிரியர் அறையில் இருந்து பாடம் தயாரிக்க வேண்டும். வீட்டு வாடகையைத் திட்டமே பார்த்துக்கொள்ளும்.

கேட்கச் சுலபம். ஒரே அறையில் இரண்டு ஆசிரியர் நிற்பது சுலபமில்லை. பல வருடம் கிராமப் பாடசாலைகளில் வேலை செய்த ஓர் ஆசிரியர் எங்களுக்கு இந்த வகுப்பை எடுத்தார். ஒருவர் பேசும்போது மற்றவர் எங்கே நிற்பது, கண்ணை எங்கே வைப்பது, கொரிய ஆசிரியர் பிழையாக ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் முன்னால் ஏன் திருத்தவே கூடாது என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். எனக்கு எங்கள் கச்சேரிகளின் பக்கவாத்தியக்காரர்தான் நினைவுக்கு வந்தார். எங்கே வாசிப்பது என்பதைவிட எங்கே கையை எடுப்பது என்பதில்தான் அவர் வித்தை இருக்கிறது.

அங்கே நுன்ச்சி என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததை முகத்திலும் இருப்பிலும் படித்து அறிந்து நடப்பது. எங்களூரில் குறிப்பறிதல் என்போமே, அதற்குப் பக்கத்தில் வரும். நுன்ச்சி இல்லாத ஆசிரியர் எவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசினாலும் ஆசிரியர் அறையில் தனித்துப்போவார் என்று அவர் சொன்னார்.

அதே மனிதர்தான் காத்திருப்பதைப் பற்றியும் சொன்னார். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பெரும்பாலும் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே பேசிவிடுகிறார்கள். அந்த ஒரு வினாடியை மூன்றாக்கினால் பதில்கள் நீள்கின்றன. வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள்.

"கேள்வியைக் கேளுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். எண்ணும்போது சிரித்த முகமாக இருங்கள்" என்றார்.

நான் கொப்பியில் அதை எழுதவில்லை. எழுதத் தேவைப்படவில்லை. ஆறாம் வகுப்பில் என் தொண்டையில் தங்கிய பதில்களுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு வினாடிதான் என்று அப்போது விளங்கியது.

கொரியப் பிள்ளைகள் ஏன் பேசத் தயங்குகிறார்கள் என்பதற்கு அங்கே இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்டில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை, நவம்பர் மாதத்தில் ஒரு நாள் நடக்கும் சுநுங் என்ற பல்கலைக்கழகத் தேர்வை நோக்கி நகர்கிறது. 1993இலிருந்து நடக்கும் தேர்வு அது. அன்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையெழுதும் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் ஆங்கிலம். பள்ளி விட்டதும் ஹாக்வொன் என்ற தனியார் வகுப்புகள், இரவில்தான் வீடு. இப்படிப் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் என்பது சரி அல்லது பிழை. பிழையாகச் சொல்லிப் பத்துப் பேர் முன்னால் நாணிப்போவதைவிட வாய்மூடி இருப்பது பாதுகாப்பு. தேர்வுக்குப் படிப்பது என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மௌனம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஒரே எழுத்து, இரண்டு ஓசை

மாலைகளில் கொரிய மொழி வகுப்பு. ஹங்குல் எழுத்தை மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். சீன எழுத்தைப் படிக்க வசதியில்லாத எளிய மக்களும் எழுதப் படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். மெய்யெழுத்துகளின் வடிவம் வாயைப் பார்த்து வரைந்தது. ககரத்துக்கான எழுத்து, நாவின் அடி மேலெழுந்து தொண்டையை அடைக்கும் தோற்றம். நகரத்துக்கானது, நுனிநா மேல்நோக்கி வளைந்து பல்லடியைத் தொடும் தோற்றம். மகரம், மூடிய வாயின் சதுரம். மெய்யையும் உயிரையும் சேர்த்து ஒரே கட்டமாக எழுதுவார்கள். உயிர்மெய் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது.

என் அறைத்தோழிக்கு ஓரிடத்தில் சிக்கல். உணவுக்கூடத்தில் நான் கற்ற அந்தக் 'கோகி' என்ற சொல்லில் இரண்டு முறையும் ஒரே எழுத்துதான் வருகிறது. ஆனால் முதலில் வல்லோசை, நடுவில் மெல்லிய ஓசை. "ஒரே எழுத்தை எப்படி இரண்டு விதமாக வாசிப்பது? எந்த இடத்தில் எது என்று எப்படித் தெரியும்?" என்று அவள் நொந்துகொண்டாள். நான் அவள் கொப்பியில் 'பாம்பு' என்று தமிழில் எழுதிக் காட்டினேன். இரண்டும் ஒரே ப. முதலாவதை ஒரு விதமாகவும் இரண்டாவதை வேறு விதமாகவும் சொல்கிறோம். எந்தக் குழந்தைக்கும் நாம் இதை விதியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. வாய் தானாகச் செய்கிறது. அவள் 'பாம்பு, கோகி' என்று மாறி மாறிச் சொல்லிப் பார்த்தாள். அன்றிரவு கடைப்பலகைகளை வாசித்தபடியே விடுதிக்கு நடந்தோம்.

வாக்கியத்துக்கு வந்தபோது எனக்கு இன்னும் வியப்பு. "நா-நுன் ஹாக்கியோ-எ காயோ." நான், பாடசாலை-க்கு, போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது. வினை கடைசியில். மரியாதையோ வினைக்கும் கடைசியில். தோழனிடம் 'கா' என்றால் போ. பெரியவரிடம் 'காசெயோ' என்றால் போங்கோ. அம்மாவை ஒம்மா என்கிறார்கள், அப்பாவை அப்பா என்றே அழைக்கிறார்கள்.

இதை முதலில் கவனித்தவள் நானில்லை. 1886இல் மன்னர் கோஜோங் ஆங்கிலம் கற்பிக்க ஓர் அரச பாடசாலை அமைத்து, மூன்று அமெரிக்க இளைஞர்களை வரவழைத்தார். எங்களுக்கெல்லாம் முன்னோடிகள் அவர்கள். அந்த மூவரில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் ஹங்குலில் மூழ்கினார். உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை முழுக்க ஹங்குலிலேயே எழுதினார். 1905இல் கொரிய மொழியையும் தமிழ் முதலான திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலும் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற கருத்தை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. இந்த வாக்கிய அமைப்பு ஜப்பானிய மொழியிலும் துருக்கியிலும் உண்டு. அப்பா, அம்மா போன்ற சொற்கள் உலகெங்கும் குழந்தை வாயில் பிறப்பவை. எனக்கு அந்த நூலின் முடிவைவிட அதை எழுதியவரின் வழிதான் பெரிதாகப் பட்டது. கற்பிக்க வந்த மொழியை விட்டுவிட்டு, வந்த இடத்து மொழியின் முன்னால் மாணவராக அமர்ந்தார் அவர். 1949இல் தலைநகர் சோலில் இறந்தார். யாங்ஹ்வாஜின் கல்லறையில் உறங்குகிறார்.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்து இதையெல்லாம் சொன்னேன். மூச்சுவிடாமல் கேட்டிருந்துவிட்டு அம்மா கேட்டார்: "பிள்ளை, நீ படிப்பிக்கப் போனனியோ, படிக்கப் போனனியோ?"

"ரெண்டுக்கும்தான் அம்மா."

"சரி, குளிருக்குக் காதை மூடு."

கடைசி மொழி வகுப்பில், அவரவர் தாய்மொழியின் பெயரை ஹங்குலில் பலகையில் எழுதச் சொன்னார்கள். நாற்பது பேரில் பலர் ஆங்கிலம் என்று எழுதினார்கள். நான் 'தா'வும் 'மில்'லுமாக இரண்டு கட்டம் எழுதினேன். ழகரத்துக்கு அந்த எழுத்தில் இடமில்லை. ஆசிரியை அதைக் கவனித்து, கடைசி ஓசையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் நாவை மடித்து முயன்றார், மறுபடியும் முயன்றார். வகுப்பு முழுவதும் பொறுமையாக இருந்தது. ஐந்தாவது முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பதினைந்து நிமிடம்

பயிற்சியின் இறுதிப் பரீட்சை, பாடம் நடத்திக் காட்டுவது. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் கொரிய ஆசிரியராகவும் மற்றவர் வெளிநாட்டவராகவும் பதினைந்து நிமிடம் நடத்த வேண்டும். மற்றப் பயிற்சியாளர்கள்தான் மாணவர். எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்புப் பாடம்: எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய்.

நானும் அறைத்தோழியும் முதல்நாள் இரவு தரையில் அட்டைகளைப் பரப்பி வைத்துப் பழகினோம். பாடத்தில் என் முதல் கேள்வியைக் கேட்டேன். 'மாணவர்' யாரும் பேசவில்லை. கிராமத்துப் பிள்ளைகள் போலவே நடித்தார்கள். ஒன்று. மேடையில் நிற்பவருக்கு ஒரு வினாடி எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டு. பதிலை நானே சொல்லிவிட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. ஆறாம் வகுப்பு ஆசிரியையை அந்த இடத்தில்தான் நான் மன்னித்தேன். அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மூன்று. பின்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்தது.

மதிப்பிட்டவர் எங்கள் அட்டைகளைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ அதிகம் சொல்லவில்லை. "காத்திருந்தீர்கள்" என்று மட்டும் குறித்துக் கொடுத்தார்.

உள்ளி விளையும் ஊர்

அடுத்த நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். மாகாண வாரியாகப் பஸ்கள் நின்றன. என் பஸ் கியோங்சாங்புக்-தோ மாகாணத்துக்கு. எனக்குக் கிடைத்த ஊர் உய்சோங், உள்ளிக்குப் பெயர்போன விவசாய மாவட்டம். முந்தைய ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கர்லிங் பெண்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் விளையாடி வளர்ந்தவர்கள். பனிக்கட்டியில் கல்லைத் தள்ளும் அந்த விளையாட்டு கனடாவில் ஊருக்கு ஊர் உண்டு. கொரியக் கிராமமொன்றில் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஊரில் பிள்ளைகள் குறைவு, முதியவர்கள் அதிகம். கொரியாவில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 2018இல் 0.98 ஆகிவிட்டது என்ற செய்தி அந்த வாரம்தான் வந்தது. முதல்முறையாக ஒன்றுக்குக் கீழே. 2023இல் அது 0.72 வரை போனது. கிராமப் பாடசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதும், ஒரே வெளிநாட்டு ஆசிரியர் வாரத்தில் இரண்டு மூன்று பாடசாலைகளுக்குப் போய்வருவதும் இதனால்தான்.

மார்ச் 1 வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டுக்கு வீடு கொடி. ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக 1919இல் மக்கள் எழுந்த நாளின் நூறாவது ஆண்டு அது. அந்த ஆட்சியில், 1938க்குப் பிறகு பாடசாலைகளில் கொரிய மொழி கட்டாயப் பாடமாக இல்லாமல் போனது. 1940இல் முன்னணிக் கொரிய நாளிதழ்கள் இரண்டும் மூடப்பட்டன. அதே 1940இல்தான், ஹங்குல் எழுத்து ஏன் இப்படி உருவாக்கப்பட்டது என்று விளக்கும் 1446ஆம் ஆண்டு மூலநூலின் பிரதி, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆந்தோங்கில் கண்டெடுக்கப்பட்டது. விடுதலை வரும்வரை மறைத்துக் காத்தார்கள். 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. எழுத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய மக்களிடம் நான் இன்னொரு மொழியைக் கொண்டுபோகிறேன் என்ற நினைவு அன்று என்னை அடக்கமாக்கியது. நூலகம் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அந்த நினைவு இலேசானதாக இருக்க முடியாது.

திங்கட்கிழமை, மார்ச் 4. பாடசாலை மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். மொத்தமே அறுபது பேருக்குள். புதிய ஆசிரியர்கள் தங்களை அறிமுகம் செய்ய வேண்டும். நான் பயிற்சியில் மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை வைத்திருந்தேன். பெயர், நாடு சொல்லி முடித்து, கடைசியில் "ஜால் புதாக் துரிம்னிதா" என்று குனிய வேண்டும். என்னை நல்லபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். 'துரிம்னிதா' என்ற வால் இல்லாவிட்டால் அதில் மரியாதை இல்லை.

பெயர் வந்தது. நாடு வந்தது. "ஜால் புதாக்..." என்று நின்றுவிட்டேன். வால் மறந்துபோனது. காது சூடாகியது, அதே சூடு.

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற துணை அதிபர் எடுத்துக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். முன்வரிசையில், முதலாம் வகுப்புக்கு அன்றுதான் வந்திருந்த ஒரு சின்னப் பெண் சத்தமில்லாமல் உதட்டைக் குவித்தாள். ஒன்று. இரண்டு.

"துரிம்னிதா" என்று சொல்லிக் குனிந்தேன். அவர்களும் குனிந்தார்கள்.